ஆர்பினின் இடது கால்

கால் கழுவும் ஞாயிறுக்கு எங்கள் சபையார் எல்லோரும் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் அழுக்குக் காலை இன்னொருவன் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வராது. பெண்கள் முந்தின நாளே நகம் வெட்டிப் பவுடர் போட்டு வைப்பார்கள். ஆண்கள் பாடுதான் பாடு. முப்பது வருசம் சுரங்கத் தண்ணீரில் ரப்பர் பூட்ஸுக்குள் ஊறிய கால்கள். நிலக்கரித் தூள் வெட்டுக்காயம் வழியே உள்ளே போய்த் தோலுக்கடியில் நீலப் புள்ளியாக நின்றிருக்கும். எந்தச் சோப்புக்கும் அது போகாது. போகாது என்று தெரிந்தும் தேய்ப்பார்கள்.

டிரேஸ் ஓடை என்கிற எங்கள் மலையூரில் சபை மாதம் ஒருமுறைதான் கூடும். அப்பமும் திராட்சரசமும் ஒருவர் காலை ஒருவர் கழுவுதலும் வருசத்துக்கு ஒரே தடவை, ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறு. அந்த வருசம் அன்று காலை ஆர்பின் ஸ்லோன் பின்வாசல் படியில் உட்கார்ந்து, எனாமல் பேசினைக் காலடியில் வைத்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் அவன் பெண்சாதி ஜெல்லா, விடியற்காலையிலிருந்து பன்றிக்கொழுப்போடு வேகிற பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. விரல் கணுக்கள் வீங்கி, கரண்டியை முழங்கையில் அணைத்துத்தான் பிடிப்பாள்.

ஆர்பினுக்கு வயது அறுபத்துநாலு. சுரங்கக் கூரை இடிந்து விழாமலிருக்க இரும்பு முளை ஏற்றிக்கொண்டிருந்தவன். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருசம். கடைசி இரண்டு வருசமாகக் காலில் உணர்ச்சி இல்லை. ஒருநாள் பூட்ஸுக்குள் ஆணி ஏறியதோடு அரைநாள் உருளைக்கிழங்குப் பாத்தியில் நடந்திருக்கிறான்; சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. இதையெல்லாம் ஜெல்லாவிடம் சொன்னதில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி. அவனுடைய அண்ணன் டூயிக்கும் சர்க்கரைதான். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு மேலே. பதினாலு மாதத்தில் ஆள் போய்ச் சேர்ந்தான். எங்கள் பக்கம் குழியைச் சபை ஆண்களே வெட்டுவார்கள். அண்ணனுக்கு வெட்டின ஆறு பேரில் ஆர்பினும் ஒருவன். மண்வெட்டியைக் கழுவி வைத்த அன்றே, தன் காலை எந்த டாக்டருக்கும் காட்டுவதில்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான்.

பேசின் சிறிது. ஒரு நேரத்தில் ஒரு கால்தான் பிடிக்கும். இடது காலை உள்ளே வைத்துக் கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றினான். பக்கத்து வாளியிலிருந்து பச்சைத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அதற்குள், இன்று சபை நடத்தும் மூப்பர் தன்னை ஜெபிக்க எழுப்பினால் எதிலிருந்து தொடங்கலாம் என்று யோசனை ஓடிவிட்டது. ஆர்பின் நீளமாக ஜெபிக்கிறவன். ஜெபம் ஆமென்வரை மனதில் ஓடி முடிந்தது. வேறு யாராயிருந்தாலும் அலறிக்கொண்டு காலை எடுத்திருப்பார்கள். அவனுக்குக் கால் ஒன்றும் சொல்லவில்லை.

எடுத்துப் பார்த்தபோது வெந்த ஓடைநண்டு மாதிரி கணுக்கால்வரை சிவந்திருந்தது. பிறகு வலது காலைப் பச்சைத் தண்ணீரில் கழுவினான். இரண்டுக்கும் புது வெள்ளைச் சாக்ஸ் மாட்டினான். ஜெல்லா உள்ளிருந்து, "ஏ மனுசா, உன் காலக் கழுவுறியா, பாவத்தக் கழுவுறியா? பீன்ஸ் சட்டிய யாரு தூக்குறது?" என்றாள். வந்து தூக்கினான்.

கோயில் பலகைக் கட்டிடம். கோபுரமில்லை, மணியில்லை, வாத்தியமும் கிடையாது. மூப்பர் ஹோபர்ட் ஒரு வரியை வேகமாகச் சொல்ல, சபை அதை வாங்கி இழுத்து இழுத்துப் பாடும். அன்று காற்றே இல்லை. எல்லோர் கையிலும் அட்டை விசிறி. ஆர்பின் ஒரு கணக்கோடு வந்திருந்தான். அப்பம், ரசம் முடிந்ததும் வெளிக்குப் போகிறவன் போல எழுந்து போய்விடுவது, கழுவல் முடிந்து கைகொடுக்கும் நேரத்தில் திரும்பி வருவது.

மேசையில் துண்டுகளும் பேசின்களும் வைத்தார்கள். ஆர்பின் எழுவதற்குள் எஸ்டில் ஃபியூகேட் எழுந்துவிட்டான்.

எஸ்டிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுபது வயது. சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன். கதவோரப் பெஞ்சில் உட்காருவான், முதல் ஆளாக வெளியேறுவான். யார் வீட்டிலும் சாப்பிட மாட்டான், நோயாளி பார்க்கவும் போக மாட்டான். அவனும் ஆர்பினும் ஒரே ஷிப்டில் ஒன்பது வருசம் வேலை செய்தவர்கள். அத்தனை வருசத்தில் ஒன்பது மணி நேரம் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். ஸ்பேனர்கூட இரவல் தராத பயல் என்பான் ஆர்பின். கடவுளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு ஜெபிக்கிறவன் என்பான் எஸ்டில். இருபத்திரண்டு வருசமாக லவல் என்பவனின் காலைத்தான் எஸ்டில் கழுவினான். லவல் எஸ்டிலின் காலைக் கழுவினான். பிப்ரவரியில் லவல் செத்துப்போனான்.

எஸ்டில் நீளத் துண்டை இடுப்பில் கட்டினான். பேசினில் தண்ணீர் எடுத்தான். நடுவில் நின்று ஆண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு நேரே வந்து ஆர்பின் முன்னால் முழங்கால் போட்டான்.

ஒருவன் பேசினோடு வந்து நிற்கும்போது காலைத் தரமாட்டேன் என்று எங்கள் சபையில் சொல்ல முடியாது. சொன்னால், உன்மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது, கடவுள் முன்னாலும் தீராது என்று அர்த்தம். அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு ஒருவன் திரும்பித் தன் இடத்துக்கு நடக்க வேண்டும். ஆர்பினுக்கு எஸ்டிலைப் பிடிக்காது. ஆனால் அப்படி அவமானப்படுத்துகிற அளவுக்கு வெறுப்பும் இல்லை. ஷூவை அவிழ்த்தான்.

சாக்ஸ் ஒட்டியிருந்தது. எஸ்டில் இழுத்தபோது தோல் சேர்ந்து வந்தது. எஸ்டிலின் கை அப்படியே நின்றது. சபை பாடிக்கொண்டிருந்தது. அவன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"எப்ப?"

"காலைல. சுடுதண்ணி."

"வலிக்கலையா?"

"வலிச்சா இங்க வந்து உக்காந்திருப்பனா?"

எஸ்டில் முழங்காலில் நின்றபடியே நகர்ந்து தன் அகல முதுகை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டான். இப்போது பின்னால் இருப்பவர்களுக்கு அவன் முதுகுதான் தெரியும். அந்தக் காலைத் தண்ணீரில் விடவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து, முட்டையைச் சுற்றுவது போலப் பாதத்தைச் சுற்றித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். "என்னப் பாக்காத. சுவத்தப் பாத்துப் பாடு," என்றான். வலது காலை மட்டும் நிதானமாகக் கழுவினான், ஊரறிய. துடைக்கத் துண்டில்லாததால் தன் கைக்குட்டையால் துடைத்தான்.

மூப்பர் ஹோபர்ட் மேடைமேல் நிற்கிறவர். அவருக்கு முதுகு மறைக்காது. பாட்டு முடிகிற இடத்தில் முடிக்காமல் மறுபடி முதல் வரியைச் சொன்னார். அது முடிந்ததும் இன்னொரு பாட்டு எடுத்தார். மற்றவர்களெல்லாம் காலைத் துடைத்து, ஷூ மாட்டி, கட்டிப்பிடித்து அழுது முடித்து, விசிறியை எடுத்து வீசிக்கொண்டு பாடினார்கள். கிழவருக்கு இன்று ஆவி இறங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். துண்டு சுற்றிய காலில் எஸ்டில் ஷூவை நுழைத்து நாடாவைத் தளர்வாகக் கட்டும்வரை ஹோபர்ட் நிறுத்தவில்லை.

வெளியே மரத்தடி மேசைகளில் சாப்பாடு. சோளரொட்டி, கோழி, பீன்ஸ், பதினோரு அடுக்கு ஆப்பிள் கேக். ஆர்பின் தன் டிரக்குக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது எஸ்டில் மேசைகளுக்கு நடுவில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், துணைக்கு ஆர்பின் வரட்டும் என்றான். எஸ்டில் தன் உடம்பைப் பற்றி வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. பெண்கள் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி அவன் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். ஜெல்லா முன்னால் வந்து புருசனை இடித்தாள்: "நிக்கிறியே. பிரதருக்கு முடியல, கூடப் போ." அத்தனை பேர் பார்க்க ஆர்பினுக்கு வேறு வழியில்லை. எஸ்டிலே ஓட்டினான். நெஞ்சுவலிக்காரன் ஓட்டுகிறானே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மலைவளைவு தாண்டினார்கள். பிறகு ஆர்பின் கேட்டான். "நெசமாவே நெஞ்சு வலிக்குதா?"

"உன்ன மாதிரி ஒருத்தனப் பாத்தா எவனுக்கும் வலிக்கும்."

"வெட்டிருவாங்க எஸ்டில். எங்கண்ணன வெட்டி வெட்டித்தான் அனுப்பினாங்க."

"உங்கண்ணன் எப்பப் போனான் ஆஸ்பத்திரிக்கு? கருத்து நாறினப்புறம். கேஸ்கெட் போனதுக்கு வண்டிய நிறுத்தாம, எஞ்சின் வெடிச்சப்புறம் மெக்கானிக்கத் திட்டினா எப்படி?"

"கால் போச்சுன்னா என் தோட்டத்த யாரு பாப்பா? அவளுக்குக் கண்ணும் இல்ல, கையும் இல்ல."

எஸ்டில் கியரை மாற்றினான்.

ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மிச்சப் பாதத்தைப் பற்றி டாக்டர் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. தினமும் கழுவ வேண்டும், மருந்து தடவிக் கட்ட வேண்டும், தரையில் ஊன்றவே கூடாது, எட்டு வாரத்தில் தோல் மூடினால் பாதம் நிற்கும், சீழ் ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார். நர்ஸ் எங்கள் ஓடைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவாள். மகள் ஒஹாயோவில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள். இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்த அன்று ஜெல்லா அவனுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். உட்காரவில்லை. "ரெண்டு வருசமா கால்ல உணர்ச்சி இல்ல. கழுவ வந்தவனுக்குத் தெரியுது, கூடப் படுத்தவளுக்குத் தெரியல," என்றாள். ஆர்பின் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தக் கட்டை நானே பிரிச்சுப் பாத்தேன். எனக்கு ஒரு வெள்ளை மூட்டைதான் தெரியுது. ரத்தமா சீழான்னு தெரியல. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன், சொல்லு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு எஸ்டிலின் டிரக் வந்து நின்றது. கதவைத் தட்டினான். யார் வீட்டுக்கும் போகாதவன் வந்து நிற்கவும் ஜெல்லா யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தாள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கு ஒரு கால்தான் கழுவினேன். பாதி வேலைய விட்டா எனக்குத் தூக்கம் வராது," என்றான்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணி. முதல் செவ்வாய்க்கிழமை நர்ஸிடம் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டான். கொதித்து ஆறிய தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பான். விரலெல்லாம் காய்ப்பு, அதை நம்ப முடியாது. பழைய சுரங்க விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு பாதத்தின் அடியைப் பார்ப்பான். முழங்கால் மடக்க முடியாமல் கீழே உட்காரும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கெட்டவார்த்தையை முணுமுணுப்பான். முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஜெல்லா தருகிற காபியை முதல் இரண்டு வாரம் தொடவில்லை. பிறகு நின்றுகொண்டே குடித்தான்.

யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. சாலையிலிருந்து வீட்டுக்கு ஏறும் வழி மழைக்குச் சேறாகும், ஊன்றுகோல் வழுக்கும். ஒருநாள் பார்த்தால் சுரங்கத்தில் நிலக்கரி ஓடிய பழைய ரப்பர் பெல்ட் வாசல்வரை விரித்துக் கிடந்தது. யார் போட்டது என்று கேட்டதற்கு ஓடையில் எல்லோரும் தனக்குத் தெரியாது என்றார்கள். தோட்டத்தில் பீன்ஸ் முற்றிக்கொண்டிருந்தது. நாலு பெண்கள் கூடையோடு வந்து பறித்து, நார் உரித்து, ஜெல்லாவின் அடுப்பிலேயே வேகவைத்து, குளிர்காலத்துக்கு நாற்பத்தோரு பாட்டிலில் அடைத்து அடுக்கினார்கள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து உப்பு மட்டும் பார்க்கச் சொன்னார்கள். உப்பு பார்க்கத் தன்னைவிட்டால் ஆள் ஏது என்று ஜெல்லா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எஸ்டிலுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் மூப்பர் ஹோபர்ட் வந்தார். கட்டைப் பிரித்ததும் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. ஆர்பின்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். இரண்டாம் நாள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே கழுவினார். கழுவினதில் பாதி பேசினுக்கு வெளியே.

செப்டம்பர் கூடுகையில், ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சபைக் காரியம் பேசுகிற நாள். சரிசெய்துகொள்ள வேண்டியது யாருக்காவது உண்டா என்று மூப்பர் வழக்கம்போலக் கேட்டார். கதவோரம் எஸ்டில் எழுந்தான். போன மாதம் சாப்பாட்டு மேசையில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னது பொய் என்றான். ஏன் சொன்னாய் என்று மூப்பர் கேட்டார். அது இன்னொருத்தன் விசயம், தான் சொல்வதற்கில்லை என்றான். அங்கிருந்த முப்பது பேருக்கும் தெரிந்த விசயம்தான்.

"மனம் வருந்துறீங்களா பிரதர்?" என்றார் ஹோபர்ட்.

எஸ்டில் கொஞ்சம் யோசித்தான். "பொய் சொன்னதுக்கு வருந்துறேன். கூட்டிட்டுப் போனதுக்கு வருந்தல."

மன்னிக்கலாம் என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். ஆர்பின் ஊன்றுகோலைத் தேடி எழுந்து முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஜெல்லா சொல்லிவிட்டாள். எங்கள் சபையில் அந்த இடத்தில் பெண்கள் வாய் திறப்பதில்லை. மூப்பர் காதில் விழாதது போல ஆர்பின் நிற்கும்வரை காத்திருந்து, பிரதர் ஆர்பின் சொன்னதாக எழுதச் சொன்னார்.

மாதக் கடைசியில் குதிகால் ஓரம் கறுத்தது. எஸ்டில்தான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். மோந்து பார்த்தான். டிரக்கை வாசல்வரை ஏற்றினான். ஆஸ்பத்திரியில் கறுத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். அதற்குப் பிறகு எஸ்டில் சாயங்காலமும் வந்தான். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. அந்த நாட்களில் ஜெல்லா சாப்பிட்டாளா என்பது தெரியாது. அவன் பாதத்தடியில் விளக்கைப் பிடிக்கும்போதெல்லாம் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாதம் அவளுக்குத் தெரியாது. எஸ்டிலின் முகம் மாறினால் அந்த அசைவு தெரியும்.

ஒருநாள் கழுவிக்கொண்டிருக்கும்போது ஆர்பின் கேட்டான். "லவல் கால இருபத்திரண்டு வருசம் கழுவின. என்ன பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"அவன் பேசுவான். நான் கழுவுவேன்."

"இப்ப யார்கூடப் பேசுற?"

"அதான் நீ வாய மூட மாட்டேங்கறியே," என்றான் எஸ்டில்.

அக்டோபர் கடைசியில் மலையெல்லாம் இலை பழுத்து விழுந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை நர்ஸ் மத்தியானம் வந்தாள். கட்டைப் பிரித்து, விரலால் சுற்றி அழுத்திப் பார்த்தாள். ஜெல்லாவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பாதத்தின்மேல் வைத்தாள். புதுத்தோல், வழவழவென்று, ஒரு இடத்திலும் ஈரமில்லை. கால் நிற்கும் என்றாள். இனி கட்டு வேண்டாம், தினமும் கழுவுகிற வேலையும் வேண்டாம், கண்ணாடியை வைத்து அவனே அடியைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். ஜெல்லா கையை எடுக்க நேரமானது. எஸ்டில் வரவேண்டியதில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று நர்ஸ் போனபிறகு கேட்டாள். ஆர்பின் பிரித்துப் போட்ட கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் எஸ்டில் வரவில்லை. பல் பிடுங்கப் போயிருந்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு டிரக் சத்தம் கேட்டது. ஆர்பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலில் பழைய கட்டுத்துணியை அவனே எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான், கோணலும் மாணலுமாக. ஜெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் நிறுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கெட்டிலை வைத்தாள்.

எஸ்டில் தாடை வீங்கி வந்தான். விளக்கை மாட்டினான். அதே கெட்டவார்த்தையைச் சொல்லிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். கட்டைப் பிரித்தான். அந்தக் கட்டு யார் போட்டது என்று அவனுக்கா தெரியாது. பாதத்தைத் தூக்கி அடியைப் பார்த்தான். குதிகாலைப் பார்த்தான். விரல் போன இடத்தைப் பார்த்தான். விளக்கு ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது.

"நர்ஸ் வந்தாளா நேத்து?"

"வந்தா."

"என்ன சொன்னா?"

ஆர்பின் சுவரைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லல."

"அப்படியா," என்றான் எஸ்டில்.

சட்டைக் கையை மடித்து முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். சூடு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வாளியிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒரு குவளை சேர்த்து, மறுபடி பார்த்து, காலை உள்ளே இறக்கினான்.